ஒட்டோவைக் கொண்டுபோக நீ வருமுன்

தம்பி,

வருகிற சனிக்கிழமை நீயும் ஃப்ரெயாவும் காரில் வந்து உன் ஓணான் ஒட்டோவைக் கொண்டுபோவதாக எழுதியிருந்தாய். ஒன்பது மாதம் நோர்வேயில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறாய். ஓர்ஹூஸில் புது வீடு, ஜூலையில் நகரசபையில் பதிவுத் திருமணம். இப்படி ஒரு நேரத்தில் இந்தக் கடிதத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீ கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து உன் ஓணானைப் பார்த்து, பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும்வரை நான் வாய் திறக்காமல் இருந்தால் அது இதைவிட மோசம். போனில் சொல்லலாம் என்று இரண்டு தரம் நினைத்தேன். போனில் நான் பாதி சொல்லும்போதே நீ "ஓகே" என்பாய், நானும் அதோடு நிறுத்திக்கொள்வேன். எங்கள் இருவருக்கும் அது பழகிப்போய்விட்டது. அதனால்தான் தாளில், தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தது உனக்கு மறந்திருக்காது. எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிப்பாய். மெதுவாக வாசிப்பதே நல்லது. அம்மா இந்தத் தாள்களைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவார்.

போன ஓகஸ்டில் நீ தொட்டியையும் விளக்குகளையும் ஒட்டோவையும் இறக்கிவைத்தபோது நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருடம் கண்ணாடி நார்ப் பாய்களை விரித்து விரித்து வலது தோள் போய்விட்டது. சத்திரசிகிச்சை முடிந்து சுகவீன விடுப்பில் வீட்டில் இருந்தேன். கொமூன் அலுவலகத்திலிருந்து என் விடுப்பைப் பற்றிக் கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு புது ஆள் உட்கார்ந்து என்னால் என்ன முடியும், என்ன முடியாது என்று முதலிலிருந்து கேட்பார். நானும் முதலிலிருந்து சொல்வேன். வீட்டுக்கு வந்து படுத்தால் எழும்ப மனம் வராது. அப்பா வீட்டில்தானே இருக்கிறார், ஒட்டோ அவருக்கும் துணையாக இருக்கும் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நீ என்னிடம் ஒன்று கேட்கிறாய். நீ கேட்டு முடிக்கும் முன்னமே நான் ஓம் என்றுவிட்டேன்.

அன்று ஒரு மணித்தியாலம் விளக்கினாய். அவனுக்கு ஐந்து வயது, கோபம் வந்தால் தொண்டைக்குக் கீழே உள்ள முள்தாடி கறுத்து ஊதும், கையில் எடுக்கும்போது வயிற்றுக்குக் கீழே தாங்க வேண்டும். நான் தலையாட்டினேன். பிறகு ஒரு தாளில் இரண்டு பக்கமும் உன் கையால் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாய். போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டபடி, வாசித்தீர்களா என்று கேட்டாய். "ஓம் தம்பி, வாசிச்சிட்டன்" என்றேன். நான் முன்பக்கம் மட்டும்தான் வாசித்திருந்தேன். காலை எட்டுக்கு விளக்குப் போடுவது, இரவு எட்டுக்கு அணைப்பது, ஒரு பக்கம் நாற்பது பாகை சூடு, மற்றப் பக்கம் குளிர்ச்சி, என்னென்ன இலை, குளிர்காலத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம். பின்பக்கம் குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்த்தபடி இருந்தது. ஜனவரி வரைக்கும் நான் அந்தத் தாளைத் திருப்பவில்லை.

முதல் இரண்டு மாதமும் ஒழுங்காகத்தான் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் வெளியே போய், புல்தரையில் மஞ்சள் பூப் பூக்கும் களைச்செடியின் இலையைப் பிடுங்கி, கழுவி, சின்னதாக நறுக்கி வைப்பேன். நான் ஹோலுக்குள் வந்தால் தலையைத் திருப்பிப் பார்ப்பான். பகல் முழுவதும் என்னைப் பார்க்க வேறு யார் இருந்தார்கள்? பிரச்சினை அவனுக்குத் தீனியாகக் கொடுக்கிற பூச்சிகளால் வந்தது. சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள் உயிருள்ள சில்வண்டு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. அதனால் சில்வண்டுப் பெட்டியைக் காருக்குப் பக்கத்தில் கராச்சில் வைத்தேன். ஒக்டோபரில் குளிர் இறங்க, ஒரு நாள் காலையில் எல்லாம் செத்துக் கிடந்தன. ஹேர்னிங்குக்குப் போய்ப் புதிதாக வாங்கிவர வேண்டும். தோள் குத்தியது, மழை பெய்தது, நாளைக்குப் போகலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவே இல்லை. இலை தின்கிறான்தானே, ஒரு உயிரைக் கொல்லாமல் இருப்பது நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ வைத்துவிட்டுப்போன கல்சியத் தூளை இலையில் தூவவும் இல்லை. வைத்தியர் எனக்குத் தந்த சத்து மாத்திரைகளையே நான் போடுவதில்லை. அதுபோல ஒன்று என்று நினைத்தேன்.

பிறகு அந்த ரியூப் விளக்கு. சூட்டு விளக்கு ஒன்று, நீளமான வெள்ளை ரியூப் ஒன்று என்று இரண்டு இருந்ததல்லவா. பகலில் நான் செற்றியில் படுத்தால் அந்த வெள்ளை வெளிச்சம் நேரே கண்ணில் குத்தும். ஒக்டோபர் நடுவில் ஒரு நாள் ரியூபை மட்டும் அணைத்தேன். ஒட்டோ சூட்டு விளக்குக்குக் கீழே வழமைபோலப் படுத்திருந்தான். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்த நாள் போடவே இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் யன்னல் இருக்கிறது, வெயில் வருகிற நாளில் வெளிச்சம் கிடைக்கும், அது காணும் என்று முடிவுகட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. உன்னிடம் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ போன் எடுத்தாய். முதல் கேள்வியே ஒட்டோ சாப்பிட்டானா என்றுதான் இருக்கும். என் தோளைப் பற்றிய கேள்வி மூன்றாவதோ நான்காவதோ வரும். அறுபது வயதில் ஒரு ஓணான்மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "ஓம், நல்லாச் சாப்பிடுறார்" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

ஜனவரியில் ஒரு நாள் பின்னேரம் அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தார். உனக்குத் தெரியும், அவர் தொட்டிக்குக் கிட்டப் போகிறவர் இல்லை. அன்று குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் நேரே போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். பிறகு, "இஞ்சேருங்கோ, இவரின்ரை தாடை வீங்கியிருக்கு. விரல் நடுங்குது. எத்தினை நாளா இப்பிடி?" என்று கேட்டார். முப்பது முதியவர்களின் கையையும் காலையும் தினமும் பார்க்கிறவரின் கண் அது. இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றேன். உண்மையில் பத்து நாளாக எனக்குத் தெரியும். ஒட்டோ உடம்பைத் தூக்கி நடக்காமல் வயிற்றை மணலில் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். குளிர்காலத் தூக்கம் என்று நீ எழுதியிருந்தாயே, அதுதான் என்று வைத்துக்கொண்டேன். உடனே உனக்குப் போன் எடுக்க வேண்டும் என்றார் அம்மா. நான் வேண்டாம் என்றேன். அவர் குசினிக்குள் போய், குளிர்சாதனப் பெட்டியிலிருந்த காந்தத்தை எடுத்து, தாளைத் திருப்பினார்.

மேசையில் உட்கார்ந்து நீ டெனிஷில் எழுதியிருந்ததை அம்மா சத்தமாக வாசித்தார். அப்பா, இது முக்கியம் என்று தொடங்கியிருந்தாய். வெள்ளை ரியூப் தினமும் பன்னிரண்டு மணித்தியாலம் எரிய வேண்டும். அது வெளிச்சத்துக்காக இல்லை, அதிலிருந்து வரும் கதிர் இல்லாவிட்டால் அவன் உடம்பு கல்சியத்தை எடுக்காது, எலும்பு மெதுமையாகிவிடும். தூளை வாரத்துக்கு நாலு நாள் தூவுங்கள். பெப்ரவரியில் ரியூப் எரிந்துகொண்டிருந்தாலும் புதிது மாற்றுங்கள், கதிர் குறைந்திருக்கும். கடைசியில், ஏதாவது சந்தேகம் என்றால் எந்த நேரமும் எனக்கு எடுங்கள் என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தாய். அம்மா வாசித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதே காரியத்தை உனக்கும் நான் செய்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் உன் ஆசிரியை உன்னிடம் டெனிஷில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டார். நீ இடைவேளைகளில் தனியே இருக்கிறாய், இரண்டு பொடியன்கள் உன்னைத் தொந்தரவு செய்கிறார்கள், பெற்றோர் வந்து கதைக்க வேண்டும் என்று. நான் இரவு வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீ கடிதத்தையும் பேனையையும் நீட்டினாய். சுற்றுலாவுக்கு அனுமதி கேட்கிறார்கள் என்று நினைத்து, கையெழுத்து வைத்துத் தந்தேன். அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கு நாங்கள் யாரும் போகவில்லை. உனக்குப் பதினேழு வயதில், கிரின்ஸ்டெட்டிலிருந்து காரில் வரும்போது, ஏதோ ஒரு சண்டைக்கு நடுவில் அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று நீ எனக்குச் சொன்னாய். "நீங்கள் கையெழுத்து வைச்சனீங்கள்" என்று தமிழில் சொன்னாய். அந்த நாட்களில் நீ என்னோடு தமிழில் கதைப்பதே குறைவு. நான் பதில் சொல்லாமல் காரை ஓட்டினேன். இப்போது சொல்கிறேன். நின்று வாசித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். களைப்பு ஒரு காரணம். உனக்கு முன்னால் விரல் வைத்து மெதுவாக வாசிக்க வெட்கப்பட்டது மற்றக் காரணம். களைப்பை மட்டும்தான் நான் எப்போதும் வெளியே காட்டிவந்திருக்கிறேன்.

உன் தாளை வாசித்த அடுத்த நாள் அம்மா வேலையில் ஒருவரோடு நேரம் மாற்றிக்கொண்டார். ஊர்வனவற்றைப் பார்க்கிற மிருக வைத்தியர் ஒருவர் பிரெடெரிசியாவில் இருந்தார். சுடுதண்ணீர்ப் பையைத் துவாயில் சுற்றி, ஒட்டோவை ஒரு பெட்டிக்குள் அதற்கு மேலே கிடத்தி, பெட்டியை அம்மா மடியில் வைத்துக்கொண்டார். பாதை முழுக்க மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். வைத்தியர் ஒரு இளம் பெண். ரியூப் எப்போது அணைக்கப்பட்டது என்று கேட்டார். சில கிழமைகள் என்றேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஒக்டோபரிலிருந்து என்று திருத்தினேன். யன்னல் வெயிலைப் பற்றியும் சொன்னேன். கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும் என்று வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். எலும்புகள் எல்லாம் புகைபோல மங்கலாக இருந்தன. வலது முன்காலில் ஒரு முறிவு, அதுவும் கோணலாக ஒட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு வழி இருக்கிறது என்றார். மாதக்கணக்காக மருந்தும் பராமரிப்பும் கொடுத்துப் பார்க்கலாம், பிழைப்பான் என்று உறுதி சொல்ல முடியாது. அல்லது வலியில்லாமல் தூங்கவைத்துவிடலாம். யாருடைய பிராணி என்று கேட்டார். மகனுடையது என்றேன். அப்படியானால் அவரிடம் கேளுங்கள் என்றார்.

நான் வெளியே கார்த் தரிப்பிடத்துக்கு வந்து உனக்கு எடுத்தேன். அது உனக்கு நினைவிருக்கும். ஒரு வேலைநாளில், பகலில் நான் எடுத்ததே இல்லை. ஏதாவது பிரச்சினையா, அம்மாவுக்கு ஏதுமா என்று பதறிக் கேட்டாய். உன் குரலில் இருந்த பயத்தைக் கேட்டதும், "ஒண்டுமில்லை தம்பி, சும்மா எடுத்தனான்" என்றேன். நீ பெருமூச்சு விட்டாய். பிறகு சிரித்தாய். ஞாயிற்றுக்கிழமை சொல்ல வைத்திருந்தேன், நீங்களே எடுத்துவிட்டீர்கள், இப்போதே சொல்கிறேன் என்று ஃப்ரெயாவும் நீயும் திருமணம் செய்ய முடிவெடுத்ததைச் சொன்னாய். நான் ஒரு மிருக வைத்தியசாலையின் வாசலில், ஈரக் காற்றில் நின்று அதைக் கேட்டேன். நல்லது தம்பி, நல்லது என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. அதற்குப் பிறகு ஒட்டோவைப் பற்றி எப்படிச் சொல்வது? உள்ளே போய் அம்மாவிடம் முதலில் உன் திருமணத்தைத்தான் சொன்னேன். அம்மா அழத் தொடங்கிவிட்டார். அம்மா ஓணானுக்காக அழுகிறார் என்று நினைத்த வைத்தியர், அவரது தோளில் கை வைத்து, நாங்கள் முயற்சி செய்து பார்ப்போம் என்றார். மகன் சம்மதித்துவிட்டார் என்று நான் சொன்னேன். அப்படித்தான் அவனுக்கு வைத்தியம் தொடங்கியது.

காலையிலும் பின்னேரமும் ஊசியில்லாத சிரிஞ்சில் கல்சிய மருந்தை வாயின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தாடை மெதுமையாக இருந்ததால் வாயைத் திறக்கவைக்கவும் பயம். என் வலது கை மேலே எழும்பாது, இடது கையால் பழகினேன். நாளுக்கு ஒரு தரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஒரு விரலால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு இருப்பேன். புது ரியூப் வாங்கிப் பூட்டினேன். கண் கூசினால் நான் அறைக்குள் போய்ப் படுத்தேன். பூச்சி வேண்டாம் என்ற உன் அம்மாவே, புதிதாக வாங்கிய சில்வண்டுப் பெட்டியை வீட்டுக்குள் எடுத்துவந்து, சலவை யந்திரத்துக்குப் பக்கத்தில் சூட்டில் வைத்தார். மூடியுள்ள ஒரு டப்பாவில் தூளோடு போட்டுக் குலுக்கி, இடுக்கியால் பிடித்து அவன் வாய்க்குக் கிட்ட நீட்டினார். முதல் முறை அவர் அப்படிச் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் நாளை நினைவுபடுத்தினேன். "அவருக்கு வெள்ளிக்கிழமை இல்லை" என்றார், திரும்பிப் பார்க்காமலே. இப்படியே பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் போனது. நான் பெருமைக்குச் சொல்லவில்லை. தினமும் செய்கிற ஒரு வேலை, அவ்வளவுதான். சில நாள் அவன் மருந்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்க்கும்போது, இதைத் தூங்கவைத்திருக்கலாம் என்று நினைத்ததும் உண்டு.

இப்போது தலையைத் தூக்குகிறான். நடுக்கம் நின்றுவிட்டது. தானாகச் சாப்பிடுகிறான். ஆனால் நீ தந்துவிட்டுப்போன ஒட்டோ இல்லை. வலது முன்கால் வெளிப்பக்கம் வளைந்துவிட்டது, அது இனி நேராகாது. மரக்கொப்பில் ஏற முடியாது என்று கொப்பை எடுத்துவிட்டுத் தட்டையான கல் வைத்திருக்கிறேன். இந்த மாதங்களில் நீ வீடியோவில் பார்க்கக் கேட்டபோதெல்லாம் நான் போனை அவனது இடது பக்கமாகப் பிடித்துக் காட்டினேன். நீ அழகாக இருக்கிறான் என்றாய். அவனை நீ கூட்டிக்கொண்டு போகலாம், அல்லது இங்கேயே விடலாம். விட்டால் பார்ப்பேன். என்னை நம்பி விடச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திருமணத்துக்குப் புத்தி சொல்லுகிற தகுதியும் எனக்குப் பெரிதாக இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஃப்ரெயா உன்னிடம் ஒன்று கேட்டால், அவள் முடிக்குமுன் ஓம் சொல்லாதே. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லு. களைப்பாக இருந்தால் களைப்பாக இருக்கிறது, நாளைக்குக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் நீயாகப் போய்க் கேள். நான் இந்த வயதுவரை செய்யாததை உன்னிடம் கேட்கிறேன். அது எனக்குத் தெரியும்.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாள்கூட விடாமல் வாசித்தார். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்து, "பத்து நாள் எண்டு எழுதியிருக்கிறியள். நத்தாருக்கு முதல் நாள் அவர் கொப்பில இருந்து விழுந்தவர். நீங்கள் தூக்கித் திரும்ப வைச்சனீங்கள். நான் குசினியில நிண்டு பாத்தனான்" என்றார். நான் பேனையை எடுத்தேன். பிறகு அவரே, "நானும் பாத்துப்போட்டுச் சும்மா இருந்தனான். அதையும் எழுதுங்கோ" என்றார்.

அவர் சொல்வது சரி. டிசம்பரில் அன்றைக்கு விழுந்தபோதுதான் கால் முறிந்திருக்க வேண்டும். மூன்று கிழமை அவன் முறிந்த காலோடு கிடந்தான். பத்து நாள் என்று எழுதும்போதே எனக்கு அது தெரிந்திருந்தது. வெட்டித் திருத்தலாம், ஆனால் நீ இரண்டையும் பார்க்க வேண்டும் என்று அப்படியே விடுகிறேன். சனிக்கிழமை நாங்கள் இருவரும் வீட்டில் இருப்போம். முதலில் ஒட்டோவைப் பார். வலது பக்கமாக நின்று பார். பிறகு என்னிடம் வா. எனக்காக ஓகே என்று சொல்லாதே. கோபம் வந்தால் கோபத்தோடேயே சொல்லு, தமிழில் வராவிட்டால் டெனிஷில் சொல்லு. எனக்கு விளங்கும்.

அப்பா